திருகாணிக்கு முறை வகுத்த ஜோஸப் விட்வொர்த்

பெரும்புகழ் எய்தினோருள் சிலர் மிகச் சிறிய பொருளொன்றைப் பற்றியே சிந்தித்து அதனை எய்தினர். அவருள் ஒருவர் ஸர் ஜோஸப் விட்வொர்த். அவர் கருத்தைக் கவர்ந்த பொருள் திருகாணி.

இவர் 1803-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள், இங்கிலாந்தில் ஸ்டாக்போர்ட் நகரில், பள்ளியாசிரியர் ஒருவரின் புதல்வராகத் தோன்றினார். இளமையில் உறவினரின் பஞ்சாலையில் அமர்ந்தார். யந்திரங்கள்பாற் கொண்ட விருப்பத்தால் அதனை விடுத்து, லண்டனில் ஹென்றி மாட்ஸ்லேயின் பட்டறையிற் பயின்று, 1833-இல் மான்செஸ்டரில் சொந்தப் பட்டறை நிறுவினார்.

அக்காலத்தில் திருகுப் புரியின் அளவு பட்டறைதோறும் வேறுபட்டது. ஓரிடத்துத் திருகாணி பிறிதோரிடத்து நட்டிற் பொருந்தாது. ஒன்று தொலைந்தால் அதனைச் செய்த பட்டறையையே நாடவேண்டும். விட்வொர்த் இங்கிலாந்தின் பல பட்டறைகளிலிருந்து திருகாணிகளைத் திரட்டி, அளந்து, சராசரி கண்டார். புரியின் கோணம் 55 பாகை. அங்குலத்திற்குரிய புரிகள் கால் அங்குலத் திருகாணிக்கு 20, அரை அங்குலத்திற்கு 12, ஓரங்குலத்திற்கு 8 என வகுத்து, 1841-இல் சிவில் எஞ்சினியர்கள் கழகத்தின்முன் வைத்தார். தம் பட்டறையின் அளவே சிறந்ததென வாதியாது, யாவரும் சிறிது விட்டுக்கொடுத்து ஒன்றுபடத்தக்க நடுவழியைக் காட்டியதே இவரது பெருமை என்போம்.

1851-இல் லண்டன் பெருங்காட்சியில், அங்குலத்தின் பத்துலட்சத்தில் ஒரு பங்கையும் உணர்த்தும் அளவுக் கருவியை வைத்தார். 1868-இல் ஏழை மாணவரும் யந்திரக்கலை பயிலுமாறு உபகாரச் சம்பளம் ஏற்படுத்தினார். 1887 ஜனவரி 22-இல் மான்டி கார்லோவிற் காலமானார்.

ஆயினும் உலகம் முற்றும் ஒன்றுபடவில்லை. அமெரிக்கர் 60 பாகைக் கோணத்தையும் அரை அங்குலத்திற்கு 13 புரியையும் கொண்டனர். ஐரோப்பியர் மில்லிமீட்டரைக் கைக்கொண்டனர். மின்னணுக் கருவி அமைக்கும் மாணவரை அப்பிணக்கு இன்றும் விடவில்லை. மெட்ரிக் எம்-3 திருகாணியின் விட்டம் 3 மில்லிமீட்டர், புரியிடை 0.5. அமெரிக்க 4-40 திருகாணியோ விட்டம் ஏறக்குறைய 2.84, புரியிடை 0.635. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே; மாற்றித் திருகி வலிந்து முறுக்கினாற் புரி சிதையும்.

எது சிறந்தது என வினவுவார்க்கு விட்வொர்த்தின் வாழ்வே விடை தரும். சுற்றுமுள்ள கடைகளில் எளிதிற் கிடைப்பதைத் தேர்ந்து, அதனையே உறுதியாகக் கொள்வோம். இந்தியாவில் அது பெரும்பாலும் மெட்ரிக்கே. வாங்கிய கருவியொன்று அங்குலத் திருகாணியை வேண்டுமாயின், அதனைத் தனிப் பெட்டியிற் பெயரெழுதி வைப்போம். கலவாதிருத்தலே காரியத்தைக் காக்கும்.