டீசல் டிரக்கின் இழுவைக்குப் பின்னால் ஒரு கப்பல் பொறியாளர்: யார் இந்த ஹெர்மன் ஃபோட்டிங்கர்?

செங்குத்தான மலைப்பாதை. பின்னால் பல டன் எடையுள்ள டிரெய்லர். டீசல் பிக்கப் டிரக்கின் ஆக்ஸிலரேட்டரை ஓட்டுநர் மிதிக்கிறார். என்ஜின் சத்தம் கூடுகிறது, வண்டி மெதுவாகத்தான் நகர்கிறது. கியர்பாக்ஸ் ஆயிலின் சூடு மட்டும் ஏறிக்கொண்டே போகிறது.

அமெரிக்காவில் படகு, வீட்டு டிரெய்லர் போன்றவற்றை இழுக்க ஆட்டோமேட்டிக் கியர் உள்ள டீசல் டிரக் வைத்திருப்பவர்கள் ஏராளம். என்ஜினின் சக்தியைக் கூட்டிய பிறகு, அவர்களில் பலர் அடுத்து கை வைப்பது டார்க் கன்வர்ட்டரில்தான். என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே, டோனட் வடிவில் உட்கார்ந்திருக்கும் பாகம் அது.

இந்தப் பாகம் டிரக்குக்காகவோ காருக்காகவோ பிறந்ததல்ல. ஒரு கப்பல் பிரச்னைக்கான விடையாகப் பிறந்தது. அதைக் கண்டுபிடித்தவரின் கதை தெரிந்தால், இன்று கன்வர்ட்டரை மாற்றும்போது எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம் என்பதும் புரிந்துவிடும்.

கப்பல் தளத்தில் ஓர் எலெக்ட்ரிக்கல் இன்ஜினியர்

ஹெர்மன் ஃபோட்டிங்கர் 1877 பிப்ரவரி 9 அன்று ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் பிறந்தார். 1895 முதல் 1899 வரை மியூனிக்கில் மின் பொறியியல் படித்தார். படிப்பு முடிந்ததும் வேலை கிடைத்த இடம் ஸ்டெட்டின் நகரின் வல்கன் கப்பல் கட்டும் தளம். அந்த நகரம் இன்று போலந்தில், ஷ்செச்சின் என்ற பெயரில் இருக்கிறது.

வல்கன் அப்போது சாதாரண நிறுவனம் இல்லை. அட்லாண்டிக் கடலை வேகமாகக் கடக்கும் ஜெர்மன் பயணிகள் கப்பல்கள் பல அங்கேதான் உருவாயின.

அங்கே ஃபோட்டிங்கர் முதலில் பேர் வாங்கியது அளவெடுப்பதில். கப்பலின் நீளமான இரும்புத் தண்டு சுழலும்போது மிக மிகச் சிறிய அளவில் முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கை அளந்தால், புரொப்பல்லருக்கு உண்மையில் எவ்வளவு சக்தி போய்ச் சேர்கிறது என்று கணக்கிடலாம். அதற்கான கருவியை அவர் உருவாக்கினார். சக்தி எங்கே வீணாகிறது என்ற கேள்வி அதன் பிறகு அவரை விடவே இல்லை.

பிரச்னை என்ன?

அந்தக் காலத்தில் கப்பல்களுக்குள் நீராவி டர்பைன் நுழைந்துகொண்டிருந்தது. அதில் ஒரு சிக்கல். டர்பைன் மிக வேகமாகச் சுற்றினால்தான் திறமையாக வேலை செய்யும். புரொப்பல்லரோ மெதுவாகச் சுற்றினால்தான் தண்ணீரை ஒழுங்காகத் தள்ளும். இரண்டையும் ஒரே தண்டில் மாட்டினால் இரண்டுக்குமே நஷ்டம். டர்பைன் பின்னோக்கிச் சுற்றாது என்பது கூடுதல் தலைவலி.

நடுவில் கியர் வைத்தால் போதாதா? அவ்வளவு பெரிய சக்தியைத் தாங்கும் துல்லியமான பற்சக்கரங்களைச் செய்வது அன்று மிகக் கடினம்.

ஃபோட்டிங்கர் தான் படித்த படிப்பின் வழியில் யோசித்தார். டர்பைன் ஒரு ஜெனரேட்டரை ஓட்டட்டும், அந்த மின்சாரத்தில் மோட்டார் புரொப்பல்லரைச் சுற்றட்டும். ஆனால் எடையும் செலவும் அதிகம். சரி, மின்சாரத்துக்குப் பதில் தண்ணீர்? ஒரு பம்ப் தண்ணீரைத் தள்ளும், இன்னொரு பக்கம் ஒரு நீர்ச் சக்கரம் அதில் சுற்றும். ஆனால் இரண்டுக்கும் நடுவிலுள்ள குழாய்களிலேயே சக்தி வீணாகிவிடும்.

அப்போதுதான் அந்தத் திருப்பம். குழாய்களே வேண்டாம் என்று முடிவெடுத்தார். பம்ப் சக்கரத்தையும் டர்பைன் சக்கரத்தையும் ஒரே கூட்டுக்குள் எதிரெதிரே வைத்தார். நடுவே அசையாத வளைந்த தகடுகள், அதாவது ஸ்டேட்டர். 1905 ஜூன் 24 தேதியிட்ட ஜெர்மன் காப்புரிமை இந்த யோசனைக்குத்தான்.

எப்படி வேலை செய்கிறது?

இரண்டு மேசை மின்விசிறிகளை எதிரெதிரே வையுங்கள். ஒன்றுக்கு மட்டும் ஸ்விட்ச் போடுங்கள். அந்தக் காற்றில் மற்றதும் சுற்றத் தொடங்கும். நடுவில் இரும்புத் தொடர்பே இல்லை. டார்க் கன்வர்ட்டரில் காற்றின் இடத்தில் திரவம், அவ்வளவுதான்.

ஸ்டேட்டரின் வேலை தனி. டர்பைனில் மோதித் திரும்பும் திரவத்தின் திசையை அது மாற்றி, பம்ப்புக்கு உதவும்படி அனுப்புகிறது. அதனால் உள்ளே போன முறுக்கு விசையைவிட வெளியே வருவது கூடுதல். இன்றைய வண்டிகள் நகரத் தொடங்கும்போது இது சுமார் இரண்டு மடங்கு வரை போகும். இலவசமாக அல்ல. வேகத்தைக் கொடுத்து விசையை வாங்குகிறோம். நடுவில் ஏற்படும் வழுக்கலால் ஒரு பங்கு சக்தி சூடாகப் போய்விடும்.

கடலில் தோற்றது, தரையில் ஜெயித்தது

1909-ல் ஃபோட்டிங்கர் டான்சிக் தொழில்நுட்பக் கல்லூரியில் பேராசிரியரானார். 1913-ல் வல்கன் கட்டிய கோனிகின் லூயிஸ் என்ற பயணிகள் கப்பலில் அவருடைய கருவி பொருத்தப்பட்டது. மறு வருடமே முதல் உலகப் போர். கடலில் கண்ணிவெடி போட அனுப்பப்பட்ட அந்தக் கப்பல் 1914 ஆகஸ்ட் 5 அன்று மூழ்கடிக்கப்பட்டது.

ஆனால் அவருடைய கருவியைக் கடலிலிருந்து வெளியேற்றியது போர் அல்ல, கியர்தான். நீராவி டர்பைனில் முன்னோடியான பிரிட்டனின் சார்லஸ் பார்சன்ஸ், கப்பலுக்கேற்ற துல்லியமான கியரைச் செய்து காட்டிவிட்டார். கியரில் இழப்பு ஓரிரு சதவீதம்தான். திரவக் கருவியில் அதைவிடப் பல மடங்கு. நாள் கணக்கில் ஒரே வேகத்தில் ஓடும் கப்பலுக்கு அந்த வித்தியாசம் பெரிய நிலக்கரி பில்.

தரையில் நிலைமை வேறு. வண்டி நிற்கும், கிளம்பும், மறுபடி நிற்கும். கப்பலில் குறையாக இருந்த அந்த வழுக்கல்தான் இங்கே வரம். என்ஜின் அணையாமல் வண்டி நிற்கலாம். குலுங்காமல் கிளம்பலாம். 1920-களின் இறுதியில் கார்ல்ஸ்ரூவேயில் இயங்கிய டிரைலோக் ஆய்வுக் குழு, தேவையில்லாதபோது ஸ்டேட்டர் தானாகச் சுழன்றுகொள்ளும்படி மாற்றியமைத்தது. 1948-ல் ப்யூக், டைனாஃப்ளோ என்ற பெயரில் டார்க் கன்வர்ட்டரை அமெரிக்கக் கார்களுக்குக் கொண்டுவந்தது. அடுத்த வருடமே பாக்கார்டு நிறுவனம் அதில் லாக்-அப் கிளட்ச் சேர்த்தது. வண்டி வேகமெடுத்த பிறகு இரண்டு பக்கத்தையும் நேரடியாகப் பூட்டி, வழுக்கலை நிறுத்தும் ஏற்பாடு இது.

இந்தியாவிலும் இதற்கு ஒரு கிளை உண்டு. ரயில்வே பொறியாளர் மன் மோகன் சூரி வடிவமைத்த ஹைட்ராலிக் முறை 'சூரி டிரான்ஸ்மிஷன்' எனப்படுகிறது. சித்தரஞ்சன் ஆலையில் தயாரான டபிள்யூடிஎஸ்-4 ரக டீசல் ஷன்டிங் என்ஜின்களில் அது பயன்பட்டது.

தன் யோசனை அமெரிக்கச் சாலைகளை நிறைத்ததைப் பார்க்க ஃபோட்டிங்கர் உயிரோடு இல்லை. 1924 முதல் பெர்லினில் பேராசிரியராக இருந்தவர், 1945 ஏப்ரல் 28 அன்று, நகரத்துக்காக நடந்த கடைசிச் சண்டையில் குண்டுச் சிதறல் பட்டு இறந்தார். வயது 68. காப்புரிமைக்காக அவர் கொடுத்த விண்ணப்பங்கள் நூற்றுக்கும் மேல்.

சரி, டிரக்கில் எதை மாற்றுகிறார்கள்?

முதலாவது, ஸ்டால் ஸ்பீடு. சக்கரம் அசையாமல் இருக்கும்போது கன்வர்ட்டர் என்ஜினை எந்த ஆர்பிஎம் வரை ஏறவிடும் என்ற அளவு அது. பெரிய டீசல் பிக்கப் என்ஜின்கள் பெரும்பாலும் 1,600 முதல் 1,800 ஆர்பிஎம்-மிலேயே உச்ச முறுக்கு விசையைக் கொடுத்துவிடும். அதனால் பாரம் இழுப்பவர்கள் கேட்பது குறைவான ஸ்டால் ஸ்பீடு. வழுக்கல் குறையும், சூடும் குறையும். ரொம்பக் குறைத்துவிட்டால் டர்போ காற்றுத் தள்ளத் தொடங்கும் முன்பே என்ஜின் திணறும், புகை தள்ளும்.

இரண்டாவது, லாக்-அப் கிளட்ச். என்ஜின் சக்தியைக் கூட்டியதும் கம்பெனி கொடுத்த கிளட்ச் பிடிப்பு தாங்காமல் வழுக்கலாம். அதற்கு இரண்டு, மூன்று தகடுகள் கொண்ட கிளட்ச் போடுகிறார்கள். அழுத்தத்தில் உப்பிவிடாத தடிமனான முன்மூடியும் அதோடு வரும்.

மூன்றாவதைத்தான் பலர் மறக்கிறார்கள். கன்வர்ட்டர் பலமானால் அடி அடுத்த பாகத்துக்குப் போகும். கியர்பாக்ஸின் உள்ளீட்டுத் தண்டு அதைத் தாங்குமா? ஆயில் கூலர் போதுமா? இந்த இரண்டையும் பார்க்காமல் கன்வர்ட்டரை மட்டும் மாற்றினால், உடையும் இடம்தான் மாறும்.

ஃபோட்டிங்கர் 1905-ல் போட்ட கணக்கும் இதுதான். எவ்வளவு வழுக்கலை அனுமதிப்பது, அதற்குப் பதிலாக எவ்வளவு விசை வாங்குவது? கப்பலுக்கு அந்தக் கணக்கு ஒத்துவரவில்லை, வண்டிக்கு ஒத்துவந்தது. கன்வர்ட்டர் வாங்கப் போகிறவரும் முதலில் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டியது, எது பலமானது என்பதல்ல. என் வண்டி என்ன பாரத்தை, எந்தப் பாதையில், எவ்வளவு நேரம் இழுக்கப் போகிறது என்பதைத்தான்.