சரவாங்கிக்கு மருந்து தந்த சுப்பாராவ்

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் பாட்டிக்குச் சரவாங்கி. புத்தகங்களில் முடக்குவாதம் என்று எழுதுவார்களே, அந்த நோய். காலையில் எழுந்தால் விரல்களை மடக்க முடியாது. காப்பித் தம்ளரை இரு கைகளாலும் தாங்கிப் பிடிப்பார். அவர் சாப்பிடும் மாத்திரையின் பெயர் மெதோடிரெக்சேட். அந்த மாத்திரைக்குப் பின்னால் சென்னையில் படித்த ஒருவர் இருக்கிறார் என்று அறிந்தபோது நாங்கள் வியந்து போனோம். அவர்தாம் டாக்டர் எல்லாப்பிரகடா சுப்பாராவ்.

அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் 1895ஆம் ஆண்டு அவர் பிறந்தார். சிறுவயதில் படிப்பில் நாட்டமில்லை. காசிக்குப் போய் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரராகலாம் என்று வீட்டை விட்டு ஓடினார். தாயார் விடுவாரா? பிடித்து வந்து பள்ளியில் சேர்த்தார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் மூன்றாம் முறைதான் மெட்ரிகுலேஷன் தேறினார். தேர்வு என்றாலே நடுங்கும் எங்களுக்கு இச்செய்தி எவ்வளவு தெம்பு தந்தது தெரியுமா!

பின்னர் மாநிலக் கல்லூரி. அதன்பின் சென்னை மருத்துவக் கல்லூரி. காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதர் அங்கி அணிந்து அறுவை சிகிச்சை வகுப்புக்குச் சென்றதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளானார். நன்கு எழுதியும் எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. இதற்கிடையில் ஸ்புரூ என்னும் கொடிய வயிற்று நோய் அவர் சகோதரர்களைப் பலிகொண்டது. அவரையும் அது வாட்டியது. நோய்களின் மூலத்தை ஆராய வேண்டும் என்ற வேட்கை அப்போதுதான் வேரூன்றியது போலும்.

மாமனாரின் உதவியோடு 1923இல் அமெரிக்கா சென்றார். பாஸ்டன் நகர மருத்துவமனை ஒன்றில் இரவு நேரச் சிப்பந்தியாக நோயாளிகளின் மலச்சட்டிகளைக் கழுவி வயிறு வளர்த்தார். ஹார்வர்டில் ஃபிஸ்க் என்பவருடன் சேர்ந்து, இரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸை அளக்கும் முறையை 1925இல் வெளியிட்டார். தசைகளுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. என்னும் பொருளை 1929இல் அவர்கள் கண்டறிந்தனர். ஆயினும் ஹார்வர்டில் நிலையான பதவி அவருக்கு வாய்க்கவில்லை. 1940இல் லெடர்லி ஆய்வுக்கூடத்திற்குச் சென்றார். யானைக்கால் நோய்க்கான ஹெட்ரசான் அங்குதான் உருவானது.

எங்கள் கதைக்கு வேண்டியது ஃபோலிக் அமிலம். இரத்தச் சோகையைத் தீர்க்கும் இந்த வைட்டமினை அவர் குழுவினர் 1945இல் செயற்கையாகத் தயாரித்தனர். உயிரணுக்கள் பெருக இது தேவை. அப்படியானால், பார்வைக்கு ஃபோலிக் அமிலம் போலவே இருந்து அதன் வேலையைத் தடுக்கும் பொருளைக் கொடுத்தால் தாறுமாறாகப் பெருகும் அணுக்கள் அடங்கும் அல்லவா? அவ்வாறு உருவானவையே அமினோப்டெரினும் அதன் உடன்பிறப்பான மெதோடிரெக்சேட்டும். அமினோப்டெரினை இரத்தப் புற்றுநோயால் வாடிய குழந்தைகளுக்கு டாக்டர் ஃபார்பர் கொடுத்தார். சில காலமேனும் நோய் தணிந்ததை 1948இல் அறிவித்தார். அதே ஆண்டு ஆகஸ்டில், 53ஆம் வயதில், சுப்பாராவ் உறக்கத்திலேயே இறந்தார்.

ஆகவே சரவாங்கிக்கும் இம்மருந்துக்கும் உள்ள தொடர்பை அவர் அறியவே இல்லை. உடலைக் காக்க வேண்டிய படையே மூட்டின் உட்சவ்வைத் தாக்குவதுதான் சரவாங்கி. 1951இல் அமினோப்டெரின் பெற்ற நோயாளிகள் சிலருக்கு மூட்டுவீக்கம் வடிந்தது. அப்போது கார்ட்டிசோனின் புகழ் ஓங்கியிருந்ததால் அதை அதிகம் பேர் கவனிக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து, 1988இல்தான் அமெரிக்க அரசு மெதோடிரெக்சேட்டைச் சரவாங்கிக்கு அனுமதித்தது.

புற்றுநோய்க்குத் தரும் அளவில் சிறு பகுதியே போதும். வாரத்தில் ஒரு நாள் மட்டுமே. தவறிப்போய்த் தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. எனவே தோழிதான் நாட்காட்டியில் ஞாயிறுதோறும் சிவப்பு வட்டம் போட்டு மாத்திரையை எடுத்துக் கொடுக்கிறாள். கல்லீரலுக்கும் இரத்தத்திற்கும் அவ்வப்போது சோதனை உண்டு. பக்கவிளைவைக் குறைக்க வேறொரு நாளில் ஃபோலிக் அமில மாத்திரையும் தருகிறார்கள். தடுப்பதும் ஈடுசெய்வதும் ஒரே ஆய்வுக்கூடத்துப் பிள்ளைகள்!

இவற்றையெல்லாம் பாட்டியிடம் சொன்னோம். ஆய்வுக்கூடத்தைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கு மனைவி இருந்தாரா, ஊருக்குத் திரும்பினாரா என்றுதான் கேட்டார். மனைவி சேஷகிரி அம்மையார் இங்கேயே காத்திருந்தார் என்றும், அவர் திரும்பவே இல்லை என்றும் சொன்னோம். பாட்டி சற்று நேரம் தம் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.