மூன்று மரணங்கள் கற்பித்த பாடம்

இராணிப்பேட்டையில் 1870 ஆம் ஆண்டு, மருத்துவத் தொண்டாற்றிய அமெரிக்கக் குடும்பத்தில் பிறந்தவர் ஐடா ஸ்கடர். அமெரிக்காவில் பள்ளிக் கல்வியை முடித்து, நோயுற்ற தாயைப் பேணத் திண்டிவனம் வந்தார். மருத்துவராகும் எண்ணம் அப்போது அவருக்கு இல்லை.

ஓர் இரவில் மூன்று ஆடவர் அடுத்தடுத்து வந்து, மகப்பேற்றில் துன்புறும் தம் மனைவியரைக் காக்குமாறு அவரை வேண்டினர். மருத்துவம் அறியாத ஐடா, மருத்துவரான தம் தந்தையை அழைத்துச் செல்லச் சொன்னார். அயல் ஆடவர் பெண்களைத் தொடலாகாது என மூவரும் மறுத்தனர். பொழுது விடிந்தபோது அம்மூன்று பெண்களும் உயிருடன் இல்லை. அவர்களின் உயிரைப் பறித்தது மகப்பேற்றுச் சிக்கல் மட்டுமன்று. பெண் மருத்துவர் இல்லாத குறையும் ஆகும். இதனை உணர்ந்த ஐடா, கார்னெல் பல்கலைக்கழகத்தில் பயின்று 1899 இல் மருத்துவரானார். அடுத்த ஆண்டே தமிழகம் திரும்பினார்.

வேலூரில் 1902 இல் 40 படுக்கைகளுடன் அவரது மருத்துவமனை எழுந்தது. மருத்துவர் ஒருவர் மட்டும் போதார் என்பதால் 1909 இல் செவிலியர் பயிற்சிப் பள்ளியும், 1918 இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் தோன்றின. குடியாத்தம் செல்லும் சாலையோரம் மரநிழலில் ஐடா மருத்துவம் பார்த்தார். நோயோடு நோயாளரின் வாழ்வையும் அறிய அது இடமளித்தது. 1946 இல் செவிலியர் பட்டப்படிப்பும் வேலூரில் தொடங்கியது.

நோயாளர் ஒருவரின் உடல்நிலை, உணவு, தொழில், குடும்பம் ஆகியவற்றை முழுமையாக ஆராய்ந்து கற்கும் முறையை இன்று நேர்வு ஆய்வு என்பர். திருத்துறைப்பூண்டிப் பகுதியில் நாற்று நடும் பெண்ணொருத்தி காலில் புண்ணோடு வருகிறாள் எனக் கொள்வோம். புண்ணில் ஈரம் படலாகாது என்பது நூல் கூறும் அறிவுரை. நடவுக் காலத்தில் நாள் முழுதும் சேற்றில் நிற்பவள் அதனை எங்ஙனம் கடைப்பிடிப்பாள்? வேலைக்குச் செல்லாவிடில் அன்றைய கூலி என்னாகும்? வீட்டில் அவளுக்குத் துணை யார்? நீரிழிவு உண்டா? இவ்வினாக்களை எழுப்பி, மாணவியர் தம்முள் கலந்து விடை காண்பதே அம்முறையின் பயன். மருந்து ஒன்றாயினும் பராமரிப்பு ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பதை அவர்கள் அங்கே கற்கின்றனர்.

ஐடா ஸ்கடர் 1960 இல் கொடைக்கானலில் மறைந்தார். பெயரும் அறியப்படாத மூன்று பெண்களின் மரணத்திற்குக் காரணம் தேடிய அவரது வாழ்வு, பல்லாயிரம் செவிலியர் கற்கும் பாடசாலையாக வேலூரில் நிலைத்துள்ளது.