முகடுகளைப் படித்த கிருஷ்ணன்

செவ்வாய்க் கோளில் ஒரு தமிழரின் பெயர் இருக்கிறது. அங்குள்ள பழமையான பெரும்பள்ளம் ஒன்றுக்கு 2025-இல் அனைத்துலக வானியல் ஒன்றியம் 'கிருஷ்ணன்' என்று பெயர் சூட்டியது. அந்தப் பெயருக்கு உரியவர் நிலவியல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன்.

1898-இல் தஞ்சை மாவட்டத்து மகாராஜபுரத்தில் பிறந்தவர் அவர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, லண்டன் இம்பீரியல் கல்லூரியில் முனைவர் பட்டம் பெற்றார். 1924-இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். ஒரிசாவின் கங்பூர்ப் பகுதியில் நடந்து நடந்து, பாறை அடுக்குகள் கசங்கிய பாய்போல மடிந்து கிடப்பதை வரைபடமாக்கினார்.

எனக்கு நெருக்கமானது அவருடைய சேலம் ஆய்வு. இங்கே நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பலருடைய பூட்டன், பூட்டி ஊர் சேலம், திருச்சி பக்கம்தானே! அந்த மாவட்டங்களின் இரும்புத்தாது பற்றி 1944-இல் அவரும் என்.கே.என். ஐயங்காரும் அறிக்கை எழுதினார்கள். சேலத்துக் கஞ்சமலையில் இருப்பது இரும்புத்தாது கலந்த குவார்ட்சைட் பாறை, மிகவும் கடினமானது. சுற்றியிருந்த மென்பாறையை மழையும் வெயிலும் அரித்துக் கொண்டுபோக, கடினமான பாறை முதுகெலும்புபோல எஞ்சி நின்றது.

முகடு என்றால் பூமி தூக்கி நிறுத்தியது என்றுதான் பள்ளியில் நினைத்துக்கொள்கிறோம். பல முகடுகள் கரையாமல் மிஞ்சியவை. சிரம்பானிலிருந்து குவாலா பிலா போகும் வழியில் நாம் பார்க்கும் தீத்திவாங்சா மலைத்தொடரின் தென்பகுதியும் அப்படித்தான். ஆழத்தில் உறைந்த கருங்கல், மேலிருந்த பாறைகள் அரிக்கப்பட்ட பின் வெளியே வந்தது. செவ்வாயில் இது இன்னும் வியப்பானது. பழைய ஆற்றுப்படுகை இறுகிப்போக, இருபுறமும் இருந்த மண்ணைக் காற்று வாரிச் சென்றதால், ஆறு ஓடிய பள்ளமே இன்று வளைந்து செல்லும் மேடாக நிற்கிறது.

1943-இல் கிருஷ்ணன் எழுதிய இந்தியா, பர்மா நிலவியல் நூல் பல தலைமுறை மாணவர்களுக்குப் பாடநூலானது. 1851-இல் தொடங்கிய ஆய்வுத் துறைக்கு, சரியாக 100 ஆண்டுகள் கழித்து, 1951-இல் முதல் இந்தியத் தலைவரானார். பிறகு ஐதராபாத்தில் தேசிய புவி இயற்பியல் ஆய்வு நிலையத்தின் முதல் இயக்குநராக இருந்தார். 1970-இல் மறைந்தார்.

நான் நிலவியல் படிக்கப்போகிறேன் என்றதும், அது நமக்கு எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. இந்த மண்ணில் நம் முன்னோர் காடு வெட்டினார்கள், ரப்பர் நட்டார்கள், செம்பனை நட்டார்கள். அதே மண்ணைப் படிக்கும் உரிமை மட்டும் நமக்கு இல்லையா? எஸ்.பி.எம். முடித்து என்ன படிக்கலாம் என்று யோசிக்கும் தம்பி தங்கைகளே, உங்கள் பட்டியலில் இந்தத் துறையையும் எழுதிக்கொள்ளுங்கள்.