மழை நாட்டில் குடியேறிய மாணிக்சந்த் சேட்

மாங்காடு, குன்றத்தூர், பூவிருந்தவல்லி ஆகிய ஊர்களின் கடைத்தெருக்களில் நகைக்கடையும் அடகுக்கடையும் நடத்தும் இராஜஸ்தானத்து வணிகரை நம் மக்கள் சேட்டு என்றே அழைக்கின்றனர். அவர்களுள் பலர் நம்மைப் போன்றே அருகனை வணங்குவோர் என்பதை அறியாதார் பலர். சிரேஷ்டி என்னும் வடசொல்லின் திரிபாகிய அப்பெயர், ஒரு காலத்தில் முகலாயப் பேரரசர் முத்திரையிட்டு வழங்கிய பட்டமாக இருந்தது. அப்பட்டத்தால் உலகறிந்த குடும்பத்தை வங்காளத்தில் நிலைநாட்டிய சேட் மாணிக்சந்தின் வரலாறு நம் இல்லங்களில் படித்தறியத்தக்கது. நாம் பெருமைப்படுவதற்கும் அதில் இடமுண்டு, அஞ்சுவதற்கும் உண்டு.

இவர்தம் முன்னோர் ஊர் நாகோர். தார்ப் பாலையின் ஓரத்தில், மணலும் முட்செடியும் சூழ அமைந்த கோட்டை நகரம் அது. சுவேதாம்பரரின் நாகபுரீய தபாகச்சம் இவ்வூரின் பெயரால் வழங்குவது. திகம்பர பட்டாரகர் பீடமும் பெரியதோர் ஏட்டுச்சுவடிச் சாலையும் இங்கு விளங்கின. ஆண்டு முழுதும் பெய்யும் மழை 40 சென்டிமீட்டர் அளவே. ஆகவே குளத்து நீரை அளந்து செலவிடுவதும், காய்களை வெயிலில் உலர்த்தி ஆண்டு முழுதும் வைத்துண்பதும் அங்கு இல்லறத்தின் இயல்பு. வானம் பொய்த்தால் ஊரே பெயரும். இளைஞர் ஒரு குடமும் ஒரு கணக்கேடும் கொண்டு கிழக்கு நோக்கிப் புறப்படுவது அந்நாட்டு வணிகர் வழக்கம்.

ஓஸ்வால் குலத்து ஹீரானந்த் ஷா 1652ஆம் ஆண்டில் இவ்வாறு புறப்பட்டுக் கங்கைக்கரைப் பாட்னாவை அடைந்தார். கையில் பொருளின்றி மனம் தளர்ந்து ஊர்ப்புறக் காட்டில் அலைந்தபோது, பாழ்மனையொன்றில் உயிர் பிரியும் நிலையிலிருந்த முதியவருக்குப் பணிவிடை செய்து, இறுதிக்கடனும் ஆற்றினார் என்றும், அம்முதியவர் காட்டிய புதையலே அவருக்கு முதலாயிற்று என்றும் ஒரு கதை வழங்குகிறது. செல்வர் குடும்பங்கள் பலவற்றுக்கும் இத்தகைய புதையற்கதை உண்டு. நாம் அதனைக் கதையாகவே கொள்வோம். பாட்னா அந்நாளில் வெடியுப்பும் துணியும் குவிந்த சந்தை. ஐரோப்பியக் கம்பெனிகளுக்குக் கடன் வேண்டியிருந்தது. கடன் கொடுக்கும் நாணயமானவர் ஒருவர் பொருளீட்டப் புதையல் வேண்டுவதில்லை.

ஹீரானந்தின் மைந்தர் எழுவர். அவர்களுள் மாணிக்சந்த், பாட்னாவையும் விட்டு, அந்நாளில் வங்காளத்தின் தலைநகராய் இருந்த டாக்காவுக்குச் சென்றார். பாலையிலிருந்து இக்குடும்பம் எய்திய தொலைவின் எல்லை அதுவே. அங்கே சாலை என்பது ஆறு. வண்டி என்பது படகு. ஆனி பிறந்தால் நிலமும் நீரும் ஒன்றாகிவிடும். நெல்லும் மீனும் உணவாகிய நாட்டில், கொல்லாமையை உயிரெனக் கொண்ட குடும்பம் அடுப்பு மூட்டுவது எளிதன்று. பாலையில் நீர் குறைவாதலின் வடிகட்டிக் குடித்தனர். இங்கே நீர் மிகுதியாய் இருந்தும், அதில் உயிர்கள் மிகுதியாதலின், முன்னிலும் கருத்தாக வடிகட்ட வேண்டியதாயிற்று. விறகின் ஈரத்திலும் தானியத்தின் புழுக்கத்திலும் சிற்றுயிர் பெருகும் மழை நான்கு திங்களும் இல்லறத்தாருக்கு உண்மையான நோன்புக் காலமாயின.

1700ஆம் ஆண்டில் முர்ஷித் குலிகான் வங்காளத்தின் திவானாக வந்தார். தக்காணப் போரில் பொருள் வற்றிய ஔரங்கசீப்புக்கு அவர் தவறாது அனுப்பிய வரிப்பணமே பெருந்துணையாயிற்று. சுபேதாராக இருந்த பேரரசரின் பேரன் அசீம்-உஸ்-ஷானோடு அவருக்குப் பகை மூண்டது. திவான் தம் அலுவலகத்தைப் பாகீரதிக் கரையிலுள்ள மக்சூதாபாத்துக்கு 1704 அளவில் மாற்றினார். அவ்வூரே முர்ஷிதாபாத் ஆயிற்று. மாணிக்சந்தும் உடன் பெயர்ந்து, அருகேயுள்ள மஹிமாபூரில் ஆற்றோரமாய் மாளிகை எழுப்பினார். அங்கு ஆண்டு மழை 130 சென்டிமீட்டருக்கு மேல். நம் சென்னைப் புறநகரில் பெய்யும் அளவுக்கு ஏறத்தாழ ஒப்பாகும். நாகோரில் பிறந்த ஒருவர் மூன்று ஆண்டில் காணும் மழையை அங்கே ஓராண்டில் கண்டுவிடலாம்.

அவர் செய்த தொழிலைச் சற்று விளக்க வேண்டும். நிலக்கிழார் கட்டும் வரிக்கு அவர் பிணை நின்றார். திரண்ட வரியைப் பெற்றுக்கொண்டார். ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரு கோடி ரூபாயாகத் தில்லிக்குச் சென்ற தொகையை அனுப்புவதில் அவர் வீடு முதன்மை பெற்றது. முன்பு வண்டிகளில் காவலோடு சென்ற வெள்ளி, நாளடைவில் அவ்வீட்டார் எழுதிய உண்டியலாகச் சென்றது. அக்கசாலையும் அவர்கள் செல்வாக்கின் கீழ் வந்தது. அவ்வாண்டு அடித்த ரூபாய்க்கே முழு மதிப்பு. மறு ஆண்டில் அதே வெள்ளிக்கு மதிப்பு குறையும். அதற்குரிய வட்டம் பிடித்து மாற்றித் தருவதே அவ்வீட்டின் ஊற்றுக்கண். எடை குறையாத நாணயத்துக்கு மதிப்பு குறைவானேன் என்று உழவன் கேட்டிருப்பான். விடை சொன்னவர் எவருமில்லை.

மாணிக்சந்த் 1714இல் காலமானார். மைந்தரில்லாமையால் நெருங்கிய உறவினரான பதேசந்தைத் தத்தெடுத்திருந்தார். முகம்மது ஷா 1723இல் பதேசந்துக்கு ஜகத் சேட், அதாவது உலகத்தின் வணிகர் என்னும் பட்டம் அளித்தார். 1742இல் மராத்தியர் முர்ஷிதாபாத்தின் புறநகரைச் சூறையாடியபோது, இவர் மாளிகையிலிருந்து எடுத்துச் சென்றது இரண்டு கோடி என்றும், அத்தனையும் ஆற்காடு ரூபாய் என்றும் அக்கால வரலாற்றாசிரியர் குலாம் ஹுசைன்கான் குறிக்கிறார். புதுச்சேரியிலும் சென்னையிலும் ஐரோப்பியர் அடித்த நம் பக்கத்து நாணயம் பாகீரதிக் கரையில் குவிந்து கிடந்தது என்பது வியப்பன்றோ!

அடுத்து நிகழ்ந்தவற்றை மறைக்காமல் எழுதுவதே நேர்மை. பதேசந்தின் பேரர்களாகிய மஹதாப் ராயும் ஸ்வரூப்சந்தும், தம்மை இழிவுபடுத்திய நவாப் சிராஜுத்தௌலாவை நீக்க ஆங்கிலேயரோடு கூடினர். 1757 சூன் 23இல் பிளாசியில் அது முடிந்தது. அக்கூட்டுறவு பற்றி நம் இதழ்களில் பெரும்பாலும் எழுதுவதில்லை. மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதத்தை நாள்தோறும் ஓதும் நாம், பொருள் மிகுந்தவிடத்து அதைக் காக்க அரசு மாற்றமும் வேண்டியதாயிற்று என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும். ஆறே ஆண்டுகளில், 1763இல், நவாப் மீர்காசிம் உடன்பிறந்தார் போன்ற அவ்விருவரையும் முங்கேருக்குக் கொண்டுபோய்க் கொல்வித்தார். கோட்டைக் கொத்தளத்திலிருந்து கங்கையில் தள்ளினர் என்பது மக்கள் வழக்கு. வேறு விதமாகவும் கூறுவர்.

மஹதாபின் மைந்தர் குஷால்சந்த் இளமையிலேயே பட்டம் பெற்றார். இருபது தீர்த்தங்கரர் முத்தியடைந்த சம்மேத சிகரத்தில், ஜல மந்திர் முதலிய சுவேதாம்பரத் திருப்பணிகள் இவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுகின்றன. அங்கு யாத்திரை சென்ற நம் குடும்பத்தார் அவ்வாலயத்தைக் கண்டிருப்பர். 1772இல் கருவூலம் கல்கத்தாவுக்குப் போயிற்று. வீட்டின் ஊற்றும் வறண்டது. குஷால்சந்துக்குப் பின் வந்த ஹரக்சந்த், மகப்பேறு வேண்டி வைணவம் தழுவினார். பாலையைக் கடந்து, மீன் நாட்டில் தலைமுறை தலைமுறையாய்க் காத்த நெறி, செல்வம் இறங்கிய காலத்தில் அவ்வில்லத்தில் நழுவிற்று. ஆயினும் அவர்களைப் பின்பற்றி வந்து அசீம்கஞ்ச், ஜியாகஞ்ச் ஊர்களில் தங்கிய ஷஹர்வாலி சமணர் ஜினாலயங்கள் பல எழுப்பி நெறி வழுவாது நின்றனர். கல்வெட்டுகளைத் தேடித் தொகுத்த பூரண்சந்த் நாஹர் அவ்வழி வந்தவரே.

அவர்கள் மாமரத்தின்மேல் கொண்ட காதல் தனிக்கதை. உலர்ந்த காய்களை உண்டு பழகிய வழியினர், மழை மண்ணில் மாந்தோப்பு வளர்த்து, காயைப் பாலோடு சேர்த்துப் பாயசமும் சமைத்தனர். பஞ்சில் பொதிந்து, மூங்கிற் கத்தியால் அரிந்துண்ணும் கோகிதூர் என்னும் கனி முர்ஷிதாபாத்துக்கே உரியது. மாமரக் காடென்று பெயர் பெற்ற ஊரில் அமர்ந்து இதனை எழுதும்போது அக்கனியின் மணம் நினைவில் எழுகிறது, நான் உண்டதில்லை.

மஹிமாபூர் மாளிகை இன்று முழுமையாய் இல்லை. கரையை அறுத்துக்கொண்டே வந்த பாகீரதி அதன் பெரும்பகுதியை விழுங்கிற்று. எஞ்சியதை 1897ஆம் ஆண்டு நிலநடுக்கம் சிதைத்தது. ஆற்றோரத்தில் சில சுவர்களும், பிற்காலத்தார் காட்டும் சில பொருள்களுமே இருக்கின்றன. மழைக்காலத்தில் அவ்விடத்தில் படகுகள் செல்கின்றன.