கீழாநெல்லியைச் சோதித்த நோபல் டாக்டர்

மஞ்சள் காமாலை என்றதும் நம்மவர்கள் கீழாநெல்லியைத் தேடுவார்கள். நோபல் பரிசு பெற்ற அமெரிக்க டாக்டர் ஒருவரும் அந்தச் செடியைச் சோதித்துப் பார்த்தார். அவர் பெயர் பரூக் புளூம்பெர்க்.

1925-ம் ஆண்டு நியூயார்க்கில் பிறந்தார். தந்தை வக்கீல். போர்க் காலத்தில் கடற்படையில் இருந்தார். பிறகு கணிதம் படிக்கப்போனவரை டாக்டருக்குப் படிக்கச் சொன்னவர் தந்தைதான்.

ஒரே நோய் ஒருவரைத் தாக்குகிறது, மற்றவரை விட்டுவிடுகிறது. இது ஏன்? விடை தேடி, நாடு நாடாக மக்களின் ரத்தத்தைச் சேகரித்தார். காமாலையைப் பற்றி அப்போது அவர் நினைக்கவே இல்லை.

1963-ல் ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தில் புதுவகைப் புரதம் ஒன்று தென்பட்டது. அது என்னவென்று விளங்கச் சில வருடங்கள் ஆயின. அவரது ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த பெண்ணுக்கே உடல்நலம் கெட்டது. அவர் தன் ரத்தத்தைத் தானே சோதித்தார். அதே புரதம்! அது ஹெபடைடிஸ்-பி கிருமியின் மேலுறை என்பது பின்னர் உறுதியாயிற்று.

அந்த மேலுறையைக் கொண்டே தடுப்பூசி செய்யும் வழியை அவரும் இர்விங் மில்மனும் கண்டனர். 1976-ல் நோபல் பரிசு கிடைத்தது. 1981-ல் அமெரிக்காவில் தடுப்பூசிக்கு அனுமதி கிடைத்தது.

ஆனால், கிருமி ஏற்கெனவே உள்ளே தங்கிவிட்டவர்களுக்குத் தடுப்பூசி பயன்படாது. பார்வைக்கு நன்றாக இருப்பார்கள். பல வருடம் கழித்துச் சிலருக்குக் கல்லீரல் சுருங்கும், அல்லது புற்றுநோய் வரும். இவர்களுக்காகத்தான் கீழாநெல்லியைக் கையில் எடுத்தார்.

சென்னையில் டாக்டர் எஸ்.பி.தியாகராஜன் குழுவினருடன் சேர்ந்து நடத்திய சோதனை 1988-ல் லண்டன் 'லான்செட்' பத்திரிகையில் வெளிவந்தது. 30 நாள் கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் அந்தப் புரதம் மறைந்தது. வெற்று மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. ஆனால் வெளிநாடுகளில் செய்த சோதனைகளில் இந்தப் பலன் கிட்டவில்லை. நமக்கு ஏமாற்றம்தான். அதற்காக மறைக்க முடியாது.

கிருமியை அடக்கியவை மாத்திரைகளே. 1998-ல் லாமிவுடின், 2005-ல் என்டெகாவிர், 2008-ல் டெனோபோவிர் ஆகியவற்றுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இவை கிருமி பெருகுவதைத் தடுக்கும். அடியோடு ஒழிப்பது அபூர்வம். எனவே, தேவைப்படுபவர்கள் தினமும், பல வருடம் சாப்பிட வேண்டும். உடம்பு தேறிவிட்டதென்று தாமாக நிறுத்தினால் கிருமி மீண்டும் பெருகும், உயிருக்கே ஆபத்தாகலாம். இந்தியாவில் 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இந்தச் சிகிச்சை இலவசம்.

புளூம்பெர்க்கின் கவனம் பிற்காலத்தில் வானத்துக்குப் போய்விட்டது. வேற்றுக் கிரகங்களில் உயிர் உண்டா என்று ஆராயும் 'நாசா' நிலையத்துக்கு முதல் டைரக்டர் அவர். 2011 ஏப்ரல் 5-ந் தேதி கலிபோர்னியாவில் நாசா மையம் ஒன்றில் பேசி முடித்த சிறிது நேரத்தில் காலமானார். அப்போது அவருக்கு வயது 85.