முட்டைக்குள் புற்றுநோயின் மூலம் கண்டவர்

தியோடர் போவரி வைத்தியர் அல்லர், விலங்கியல் பேராசிரியர். ஆயினும் புற்றுநோயின் மூலகாரணத்தைப் பற்றிப் பேசுவோர் இன்றும் அவர் பெயரிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

1862-ம் ஆண்டு ஜெர்மனியில் பாம்பெர்க் நகரில் பிறந்தார். பிரவுன்-போவரி மின்சாரக் கம்பெனியை ஸ்தாபித்த இருவரில் ஒருவரான வால்டர் இவருடைய தம்பி. தம்பி இயந்திரங்களோடு போக, அண்ணன் மைக்ராஸ்கோப்பின் முன் அமர்ந்தார். முப்பதாவது வயதில் வூர்ஸ்பர்க் சர்வகலாசாலையில் பேராசிரியரானார்.

இத்தாலியில் நேப்பிள்ஸ் கடற்கரை ஆராய்ச்சி நிலையத்தில் அவர் எடுத்துக்கொண்டது கடல் முள்ளெலி என்ற சிறு பிராணியின் முட்டை. ஒரே முட்டைக்குள் இரண்டு விந்தணுக்கள் புகும்படி செய்தார். அந்த முட்டை இரண்டாகப் பிளவுபடாமல் ஒரேயடியாக நான்காகப் பிளந்தது. குரோமோசோம்கள் ஏறுமாறாகப் பிரிந்தன. பந்தியில் ஒருவர் இலையில் பாயசம் இரண்டு பங்கு, சோறே இல்லை என்றால் எப்படி? அந்தக் கதைதான்! இப்படிப் பிறந்த கருக்களில் பெரும்பாலானவை மடிந்தன. ஒவ்வொரு குரோமோசோமுக்கும் தனித்தனி வேலை உண்டு என்று 1902-ல் அவர் முடிவு கட்டினார்.

அதோடு விடவில்லை. பங்கீடு தவறிய உயிரணு சாதாரணமாகச் செத்துவிடும். சாகாமல் தப்பிய ஒன்று, பெருக்கத்தைத் தடுக்கும் குரோமோசோமையும் இழந்திருந்தால், வரம்பின்றிப் பெருகிக் கட்டியாகும் என்று 1914-ல் ஒரு சிறு நூல் எழுதினார். கட்டிகளைத் தாம் நேரில் ஆராய்ந்தவர் அல்லர் என்பதை அதில் மறைக்கவும் இல்லை. வைத்திய உலகம் அதை அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. நெடுநாள் நோயாளியான போவரி, மறு ஆண்டே 53-வது வயதில் காலமானார். அவருடன் ஆராய்ச்சியில் ஈடுபட்ட அமெரிக்க மனைவி மார்செல்லா, 1929-ல் அந்த நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார்.

அந்தத் 'தடுப்பு' எது? 1979-ல் பி-53 என்ற புரோட்டீன் கண்டுபிடிக்கப்பட்டது. முதலில் அதையே குற்றவாளி என்று எண்ணினார்கள். காவல்காரன் என்பது 1989-ல்தான் தெளிவாயிற்று. உயிரணுவின் டி.என்.ஏ. பழுதுபட்டால் பி-53 பெருக்கத்தை நிறுத்திப் பழுதுபார்க்க அவகாசம் தருகிறது. சீர்படாத பழுதென்றால் பாக்ஸ், பூமா முதலிய புரோட்டீன்களை உண்டாக்குகிறது. அவற்றால் மைட்டோகாண்டிரியாவின் சுவர் ஓட்டையாகி, சைட்டோகுரோம்-சி கசிகிறது. உடனே காஸ்பேஸ் என்னும் என்சைம்கள் விழித்தெழுந்து உயிரணுவை உள்ளிருந்தே துண்டாடுகின்றன. மிச்சத்தை அண்டை அணுக்கள் விழுங்கிவிடும், வீக்கமில்லை, சீழுமில்லை!

மனிதருக்கு வரும் புற்றுக்கட்டிகளில் ஏறக்குறைய பாதியில் இந்த பி-53 கெட்டுப்போயிருக்கிறது. சாக வேண்டிய அணு அங்கே சாவதில்லை. குரோமோசோம் பங்கீடு தவறிய அணுக்களைத் தடுத்து நிறுத்துவதிலும் அதற்குப் பங்கு உண்டென்று பிற்காலச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. நேப்பிள்ஸ் முட்டைகளில் போவரி பார்த்ததும் பங்கீடு தவறிய அணுக்களைத்தானே!